லென்ஸுக்கு முன் அளவு: கண் மருத்துவமனைக்கு எந்தக் கருவி?

1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி உலகிலேயே முதன்முறையாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். கண்புரை நீங்கியது. ஆனால் லென்ஸின் பவர் அளவுக்கு மிஞ்சிவிட்டதால், அந்த நோயாளிக்கு மைனஸ் 18 அளவில் கிட்டப்பார்வை வந்தது. அப்படி நேராமல் தடுக்கத்தான் இன்று அறுவை சிகிச்சைக்கு முன் 'பயோமெட்ரி' எடுக்கிறார்கள்.

கருவிழியின் வளைவும் கண்ணின் நீளமும்தான் இதில் முக்கியம். வளர்ந்தவர்களின் கண் சராசரியாக 23.5 மி.மீ. நீளம். அதில் 1 மி.மீ. பிசகினால் பார்வையில் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை பிசகும்.

பழைய முறை ஏ-ஸ்கேன். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஒலி அலை அனுப்பும் முனையைக் கருவிழிமேல் வைப்பார்கள். கை சற்றே அழுந்தினாலும் கருவிழி உள்வாங்கும். நீளம் குறைவாகப் பதிவாகும். தேவைக்கு மேல் பவர் உள்ள லென்ஸ் உள்ளே போய்விடும். கண்மேல் சிறு கிண்ணம் பொருத்தி, திரவம் நிரப்பி, முனை கருவிழியைத் தொடாமல் அளக்கும் 'இம்மர்ஷன்' முறையில் இந்தச் சிக்கல் இல்லை. செலவும் அதிகமில்லை. இருந்தும் பல இடங்களில் இதைக் கடைப்பிடிக்காதது வருத்தம் தருகிறது.

1999-ல் ஒளியால் அளக்கும் கருவியான ஜெய்ஸ் நிறுவனத்தின் ஐஓஎல்மாஸ்டர் வந்தது. தாடையை வைத்து ஒளிப்புள்ளியைப் பார்த்தால் போதும், கண்ணைத் தொடாமலே அளவு கிடைத்துவிடும். துல்லியத்தில் ஒளிக்கருவியே மேல். ஆனால் நன்றாக முற்றிய புரைக்குள் ஒளி ஊடுருவாது. 'ஸ்வெப்ட் சோர்ஸ்' வகைப் புதிய கருவிகள் இன்னும் ஆழமாக ஊடுருவுகின்றன. அவற்றாலும் எல்லாக் கண்களையும் அளந்துவிட முடியாது.

கிராமத்து முகாம்களில் புரை முற்றிய பிறகே வருபவர்கள் நம்மிடம் ஏராளம். எனவே, பல லட்சம் கொடுத்து ஒளிக்கருவி வாங்கும் மருத்துவமனையும் ஏ-ஸ்கேனை ஓரங்கட்டக் கூடாது. கையில் பணம் குறைவென்றால் இம்மர்ஷன் ஏ-ஸ்கேன், கருவிழி வளைவை அளக்கும் நல்ல கெரடோமீட்டர், பழகிய தொழில்நுட்பர் என்று தொடங்கலாம். இரு கண்களின் நீளமும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால் மறுபடி அளக்கும் பழக்கம் எந்தக் கருவிக்கும் அவசியம்.

அளவெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கான்டாக்ட் லென்ஸ் அணிந்தாலோ, முன்பு லேசிக் செய்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுமே கணக்கை மாற்றிவிடும்.