பெண்ணின் பெயரில் ஒரு பட்டா

கடன் கேட்டு வருகிறவரிடம் நம் சங்கங்கள் முதலில் கேட்பது ஈடு. நிலமுள்ளவர் சிட்டா, அடங்கல் நகலைக் கொண்டுவருகிறார். நகையுள்ளவர் நகையை வைக்கிறார். இரண்டும் இல்லாத விவசாயக் கூலிப் பெண் எதைக் கொண்டுவருவாள்? காவிரிப் படுகையில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் அவள் கைவேலையே. ஆயினும் நெடுங்காலம் அவள் குடும்பத்துக்குக் கிடைத்த கடன், பண்ணையில் வாங்கிக் கூலியில் கழிக்கும் முன்பணந்தான். முதலாளியிடம் முன்பணம் பெற்று நெய்த நம் நெசவாள அன்பர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலித் தகராறு முற்றியிருந்த நாளில், 1968 டிசம்பர் 25 இரவு தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் அப்பகுதியில் பணியாற்ற வந்தவர்கள், பூதான இயக்கத்தில் வினோபாவுடன் உழைத்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும்.

1981-ல் அவர்கள் தொடங்கிய ‘லாஃப்டி’ என்னும் நில உரிமை இயக்கம், நிலத்தைத் தானமாகக் கேட்கவில்லை, விலைக்குக் கேட்டது. நிலமுடையவரையும் நிலமற்றவரையும் எதிரெதிரே அமர்த்தி நியாய விலை பேசுவது, வங்கிக் கடன் பெற்று வாங்குவது, விளைச்சலைக் கொண்டு கடனை அடைப்பது, இதுவே முறை. வங்கிகள் முதலில் தயங்கின; முத்திரைத்தாள் செலவும் பெருஞ்சுமையாக இருந்தது. எனினும் 2007-க்குள் ஏறத்தாழ 13,000 ஏக்கர், ஏறத்தாழ அத்தனை குடும்பங்களுக்குக் கைமாறிற்று.

பத்திரம் பெண்ணின் பெயரில் பதிவாயிற்று என்பதையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கணவர் பெயரில் உள்ள நிலம் அவர் ஒருவர் கையெழுத்திலேயே அடகுக்குப் போய்விடும். மனைவி பெயரில் உள்ளது அவள் சம்மதமின்றிப் போகாது.

1992-ல் நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழுத் திட்டம் ஈடில்லாக் கடனைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் இன்று சிறுகடன் நிறுவனங்கள் பல, வாரந்தோறும் தவணை கேட்கின்றன. நடவுக்கும் அறுவடைக்கும் இடையே கூலியில்லாத வாரங்களில் அவள் எதைக் கொண்டு கட்டுவாள்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறாள். பழைய பண்ணை முன்பணத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்பது நம் கருத்து.

பட்டா பெற்ற பெண்களை நம் சங்கங்கள் அங்கத்தினராகச் சேர்த்துப் பயிர்க்கடன் வழங்கலாம். சம்பா நெல் தையில் அறுவடையாகிறது. கொள்முதல் நிலையத்துப் பணம் கைக்கு வந்தபின், மாசியில் தவணை வைத்தால் போதும்.