பயந்த சுபாவமுள்ள பிள்ளை பதின்வயதை நெருங்கும்போது

எளிதில் மிரளும் சுபாவம் கைக்குழந்தையிடமே தெரிந்துவிடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்கு வண்ணப் பொம்மைகளை ஆட்டிக் காட்டினார். பழகாத குரல்களை ஒலிக்கவிட்டார். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, முதுகை வளைத்து அழுதது. அப்படி அழுதவற்றில் பல, இரண்டு வயதில் புதுமுகம் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிந்தன. இரண்டு வயதில் அவ்வாறு ஒதுங்கிய சிலரை இருபது வயதுக்குமேல் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. அறிமுகமில்லாத முகங்களைக் கண்டபோது, அவர்களது மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தூண்டப்பட்டது.

ஆகவே 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்' என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்வதில் நியாயமில்லை. அதே சமயம் சுபாவம் தலையெழுத்தும் அல்ல. கேகன் ஆராய்ந்த குழந்தைகளில் பலர் வளர வளரத் துணிந்தார்கள். எதற்கெடுத்தாலும் ஓடிவந்து தூக்காமல், அன்போடு எல்லை வகுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பயம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

பத்து வயதைத் தாண்டும்போது இந்தச் சுபாவம் புதிய சோதனைக்கு உள்ளாகிறது. பருவமாற்றத்தில் உணர்ச்சிகள் வேகமெடுக்கின்றன. அவற்றை அடக்கியாள வேண்டிய மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. சகமாணவர்களின் ஒரு பார்வை, ஒரு சிரிப்புகூட இந்த வயதில் ஆழமாகத் தைக்கும். சட்டைக் காலரின் லேபிள் உறுத்துவதையே தாங்காத பிள்ளைக்கு இரைச்சல் மிகுந்த வகுப்பறையில் ஒரு நாளைக் கடப்பதே பெரும்பாடு. திங்கட்கிழமை காலை வரும் வயிற்றுவலி பள்ளிக்கு லீவு என்றதும் மறைந்தால், அதை நடிப்பு என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பதற்றம் குடலின் இயக்கத்தையே மாற்றுவதால் அந்த வலி உண்மையானது.

வலி உண்மை என்பதால் லீவு போட்டுவிடலாமா? இங்கேதான் பாசம் வழிதவறுகிறது. ஹோட்டலில் பிள்ளைக்காக அம்மாவே ஆர்டர் சொல்வது, "சீக்கிரம் வந்துடுவேல்ல?" என்ற கேள்விக்குப் பத்தாவது முறையும் பதில் சொல்வது, பன்னிரண்டு வயதிலும் தனியாகப் படுக்கவிடாதது எல்லாம் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் விலகி ஓடினால்தான் பிழைக்க முடியும் என்ற பாடத்தையும் மூளைக்குக் கற்றுத்தரும். பயந்ததைச் சந்தித்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டுகொள்ளும் வாய்ப்பே பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இந்த இடத்தில்தான் கைவைத்தார். அவரது முறையில் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி. 7 முதல் 14 வயதுவரையுள்ள 124 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகத் தரும் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சைக்குச் சற்றும் குறையாத பலனை இது தந்தது.

செய்யும் விதம் எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். மேலே சொன்னவை போன்ற சலுகைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைக் குறைக்கப்போவதாகப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திட்டுவதும் கூடாது, கெஞ்சுவதும் கூடாது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது கண்ணு. ஆனா உன்னால தாங்கிக்க முடியும்" என்றால் போதும். முதல் வாரம் அழுகையும் கோபமும் கூடலாம். அப்போது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். "பாவம், விடுடி" என்று பாட்டி சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பள்ளிக்குப் போவது பல நாள் நின்றுபோனாலோ, தூக்கமும் சாப்பாடும் குலைந்தாலோ மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் மனநல உதவிக்கான டெலி-மானஸ் இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.