ரொட்டி மேக்கரில் இரவெல்லாம் பால் இருக்கலாமா?

கெலுகோர் போன்ற வெப்பமான ஊரில் நள்ளிரவிலும் வெப்பம் அவ்வளவாகக் குறையாது. விடிந்ததும் சுடச்சுட ரொட்டி வேண்டுமென்று, ரொட்டி மேக்கரில் பாலும் முட்டையும் ஊற்றி டைமர் வைத்துவிட்டுப் படுக்கலாமா? கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே பாக்டீரியாக்கள் மளமளவெனப் பெருகும்.

'அதான் வேகப்போகிறதே' என்பார்கள். ரொட்டியின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டும், கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், உண்மைதான். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதற்குள் கக்கி வைத்த நச்சு கொதித்தாலும் எளிதில் அழியாது. வாந்தி வருவது அதனால்தான்.

தேங்காய்ப்பாலும் வேண்டாம். பால் பவுடர் போதும். ஈரமில்லாதவரை அதில் எதுவும் வளராது. பல இயந்திரங்களில் தண்ணீர் அடியில், மேலே மாவும் பால் பவுடரும், உச்சியில் சின்னக் குழி பறித்து ஈஸ்ட். பிசையத் தொடங்கும்வரை ஈஸ்ட் நனையக் கூடாது. நனைந்தால் இரவிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.