சத்து மாத்திரையும் சிகிச்சைதான்: எடை குறைப்பு அறுவைக்குப் பிந்தைய செலவும் உரிமையும்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளில் நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பை சிறு பையாகச் சுருக்கப்படுவதோடு, சிறுகுடலின் முதற்பகுதியும் உணவு செல்லும் வழியிலிருந்து விலக்கப்படுகிறது. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் அந்த முதற்பகுதிதான். வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். அந்தச் சுரப்பும் அறுவைக்குப் பின் குறைந்துவிடுகிறது. எடை குறைவதற்கும் உடலில் சத்து குறைவதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே மருத்துவமனைக் கட்டணம் ஒரு முறை கட்டி முடிவது. மாத்திரைச் செலவு ஆயுள் முழுவதும் தொடர்வது. கடலூர் மாவட்டத்தின் லால்பேட்டையிலும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலும் வளைகுடா வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அறுவைக்கான பெருந்தொகையை ஒரே மூச்சில் எப்படியோ திரட்டிவிட முடிகிறது. மாதந்தோறும் வரும் சிறு செலவுதான் கணக்கில் வராமல் போகிறது. ‘சத்து மாத்திரைதானே, இந்த மாதம் இல்லாவிட்டால் என்ன’ என்று அது முதலில் வெட்டப்படும். பிற்காலத் துன்பங்கள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

அமெரிக்க எடை குறைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் நாள்தோறும் தேவைப்படும் அளவுகளை வரையறுத்திருக்கிறது. புரதம் குறைந்தது 60 கிராம். கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம். வைட்டமின் டி 3,000 யூனிட். இரும்பு 18 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் அல்லது ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் 45 முதல் 60 மில்லிகிராம். பி12 வாய்வழியாக 350 முதல் 1,000 மைக்ரோகிராம், இல்லையேல் மாதம் ஒரு முறை 1,000 மைக்ரோகிராம் ஊசி. தயமின் எனப்படும் பி1 குறைந்தது 12 மில்லிகிராம். ஒவ்வொருவருக்கும் உரிய அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரை ஒன்று இத்தனை தேவையையும் நிறைவேற்றாது. கால்சியத்தை ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் மிகுதி வீணாகிறது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கம் அதன் பயனைக் குறைத்துவிடும். ரமலான் நோன்பு வைக்க விரும்புவோர், இந்த வேளைகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே எப்படிப் பங்கிடுவது, தம் உடல்நிலைக்கு நோன்பு ஏற்றதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உடல் நலமில்லாதவருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

குறைபாடுகளில் மிக அவசரமானது தயமின் குறைபாடு. உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் வாந்தி விடாமல் தொடர்ந்தால் அது வற்றிவிடுகிறது. பார்வை இரட்டையாகத் தெரிவது, கண் விழி தடுமாறுவது, நடை தள்ளாடுவது, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் ஆகியவை வெர்னிக்கே எனப்படும் மூளைப் பாதிப்பின் அடையாளங்கள். ஊரில் ஒரு வழக்கம் உண்டு: வாந்தி எடுத்துச் சோர்ந்தவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. தயமின் வற்றிய உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் பாதிப்பு முற்றிவிடலாம். எனவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், எடை குறைப்பு அறுவை ஆனவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்; குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். வீட்டில் உள்ள அனைவருக்கும் இந்த ஒரு செய்தியாவது தெரிந்திருக்க வேண்டும்.

பி12 குறைபாடு மெதுவாக வருவது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்கும் என்பதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் வெகுகாலம் ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் மரத்துப்போதல், மறதி, ரத்தசோகை எனத் தலைகாட்டும். நரம்புச் சேதம் முற்றிவிட்டால் முழுமையாகச் சீராகாமலும் போகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு தேய்கிறது. குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

செலவில் பெரும்பங்கு புரோட்டீன் பவுடருக்குப் போகிறது. பெயர்பெற்ற வே புரோட்டீன் டப்பா கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். நீர் உணவும் கூழ் உணவுமாக இருக்கும் முதல் சில வாரங்களில் அது பெரிதும் உதவும் என்பது உண்மை. திட உணவுக்குத் திரும்பிய பிறகும் அதையே நம்பியிருக்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு உண்டு. வீராணம் ஏரிக் கெண்டையும் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மத்தியும் நெத்திலியும் இந்த வட்டாரத்துக்கு எட்டாத பொருள்கள் அல்ல. 100 கிராம் மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல் புரதம் உள்ளது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராம் அளவுக்கு உள்ளது. ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில், ஒரு கிலோவுக்கு 200 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. இரண்டு முட்டை, 100 கிராம் மீன், ஒரு டம்ளர் பாலில் கலந்த மூன்று கரண்டி பால் பவுடர், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு ஆகியவற்றைச் சிறு சிறு வேளைகளாகச் சாப்பிட்டால் 60 கிராமை நெருங்கிவிடலாம். தட்டில் சோற்றுக்கு முன் இவற்றைச் சாப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை; சுருங்கிய இரைப்பையில் சோறு முதலில் இடம்பிடித்தால் புரதத்துக்கு இடமிருக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

புரோட்டீனை உணவால் ஈடுகட்டலாம். வைட்டமின்களை அப்படி ஈடுகட்ட முடியாது. பணம் இறுகும்போது குறைக்க வேண்டியது டப்பாவை. ஒருபோதும் மாத்திரையை அல்ல. வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

டப்பாவில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பவும் முடியாது. இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பொருள்களைச் சோதித்து 2024-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டுக்கு நெருக்கமானவற்றில் அச்சிட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் சிலவற்றில் காணப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டியில் கொண்டுவரும் டப்பாவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்காது. கெட்டுப்போயிருந்தாலும் இங்கே யாரையும் பொறுப்பாக்க முடியாது. கேப்சூல்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பலவற்றின் உறை விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. உணவுப் பொருளாக விற்கும் கேப்சூல் டப்பாவில் சைவ, அசைவக் குறி இருந்தாக வேண்டும். ஹலால் குறித்து ஐயம் இருந்தால், மாத்திரையாகவோ தாவர உறை கொண்ட கேப்சூலாகவோ எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். ஐயத்தால் மருந்தையே நிறுத்திவிடுவதுதான் தவறு.

ஒரே கால்சியமும் வைட்டமின் டியும் இரண்டு வகையான உரிமங்களில் சந்தைக்கு வருகின்றன. ஒன்று மருந்து உரிமம். மற்றது உணவு உரிமம். மருந்தாக விற்கப்பட்டு, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற அளவுகளுக்கு அரசு உச்சவிலை நிர்ணயிக்கிறது. உணவு உரிமத்தில் வரும் பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருள்படும் வாசகமும் அதில் இருக்கும். அட்டையில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது உணவு. அப்போது அதே சத்து, அதே அளவில், மருந்து உரிமத்தில் குறைந்த விலைக்கு உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மலிவாக வாங்க வழிகள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் கால்சியம், வைட்டமின் டி, மல்டிவைட்டமின் மட்டுமல்ல, புரோட்டீன் பவுடரும் விற்கப்படுகிறது. அருகிலுள்ள கடையை 1800 180 8080 என்ற எண்ணில் கேட்டறியலாம். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகள் இலவசம். ஆனால் அவற்றின் அளவு மருத்துவர் எழுதியதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும். அறுவைக்குப் பின் முதல் ஆண்டில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை தேவை. தனியார் ஆய்வகத்தில் இதுவே பெரிய செலவு. காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனையிலோ, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எந்தெந்தப் பரிசோதனை செய்ய முடியும் என்று முதலில் விசாரித்துவிட்டு, மீதியை மட்டும் வெளியே செய்துகொள்ளலாம்.

காப்பீட்டில் அறுவைக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் குறுகலான கதவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதிகளின்படி, 18 வயது நிறைந்தவராக, உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவராக இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். பாலிசிக்குரிய காத்திருப்புக் காலமும் முடிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குறிப்பிட்ட சிகிச்சை சேருமா என்பதை 1800 425 3993 என்ற எண்ணில் கேட்கலாம்.

சத்து மாத்திரைக்கு அதே பொது விதிகளில் இன்னொரு பிரிவு இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய வைட்டமின்களுக்கும் சத்துப் பொருள்களுக்கும் பணம் கிடையாது. மருத்துவமனை அனுமதிக்கான கோரிக்கையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்திருந்தால் கிடைக்கும் என்கிறது அந்தப் பிரிவு. பலரும் கோட்டைவிடும் இடம் இது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வைட்டமின்கள் தொடரவும்’ என்று மேலோட்டமாக எழுதினால் போதாது. ஒவ்வொன்றின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பது இருக்க வேண்டும். அப்போதுதான் வீடு திரும்பிய பின் பாலிசி அனுமதிக்கும் 60 அல்லது 90 நாள்களுக்குள் வாங்கிய மாத்திரைகளையும் செய்த பரிசோதனைகளையும் பில்லோடு கோர முடியும். அதற்குப் பிந்தைய செலவு சொந்தப் பொறுப்பு.

மருத்துவமனை தன் மருந்துக் கடையில்தான் புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனம், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதுபற்றிய வழக்கில் நேரடி ஆணை பிறப்பிக்காமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. வற்புறுத்தல் நடந்தால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம்.

காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். தரமற்ற, போலியான சத்துப் பொருள் குறித்து 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணில் தெரிவிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நட்டஈடு வேண்டுமென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் இவற்றில் எதையும் நிரூபிப்பது கடினம் என்பதால், சீட்டு, பில், டப்பாவின் அட்டை மூன்றையும் எறியாமல் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.