ஈ.எம்.ஐ.க்கு ஆடி மாசம் கிடையாது

போன மாதம் திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். ஒன்றுவிட்ட அண்ணன் மகன் பி.காம். முடித்துவிட்டு வீடியோ தொழிலில் இறங்கப் போகிறானாம். "கேமரா, லென்ஸ், கிம்பல், லைட்டு எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சம் ஆகும் சித்தப்பா. மூன்றரை லட்சம் லோன், மீதிக்கு அம்மா நகை இருக்கு. எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டான். கேமரா இருக்கட்டும், முதலில் காலண்டரை எடுடா என்றேன். அன்று நாங்கள் போட்ட கணக்கு இது. வேறு யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்தில் வீடியோ தொழில் என்றால் பெரும்பாலும் கல்யாணம்தான். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆக, வருடத்துக்கு மூன்று மாதம் வறட்சி. மூன்றரை லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு 3 வருடத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 11,600 ரூபாய் கட்ட வேண்டும். 36 தவணைகளில் 9 தவணை இந்த வறட்சி மாதங்களில் விழும். கையில் வருமானம் இல்லாத மாதங்களில் மட்டும் 1 லட்சத்துக்கு மேல்! பயிர்க்கடன் அறுவடை வரைக்கும் பொறுக்கும். ஈ.எம்.ஐ. பொறுக்காது.

அப்படியென்றால் என்ன செய்வது? கேமராவைப் பெரிய ஊர்களில் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். முகூர்த்த நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். முதல் செலவு கம்ப்யூட்டருக்கு. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே கல்யாண வீடியோவுக்குத் தாராளம். எடிட்டிங்குக்குப் பஞ்சாங்கம் கிடையாது. தையில் எடுத்து மற்ற ஸ்டுடியோக்களில் தேங்கிக் கிடக்கும் வேலையை ஆடியில் செய்து தரலாம். பக்கத்து முத்துப்பேட்டையில் நடக்கும் முஸ்லிம் கல்யாணங்களுக்கும் ஆடி, மார்கழி தடையில்லை.

அடுத்தது, யாரும் கணக்கில் சேர்க்காத ஹார்டு டிஸ்க். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 450 ஜிபி. இரண்டு காப்பி வைத்தால் 900 ஜிபி. இரண்டாவது காப்பி வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கூரைகளைத் தூக்கிப் போட்ட ஊர் இது, காரணம் சொல்லத் தேவையில்லை. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

மூன்றாவது, ஒப்பந்தம். 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். எடுத்தவன் உரிமையாளன் இல்லை. கல்யாண வீடியோவை நம் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். எத்தனை நாளில் தருவோம், எவ்வளவு முன்பணம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.

"யூடியூப் இருக்கே சித்தப்பா?" என்றான். எல்லோரும் சொல்வது போல வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொன்னான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018ல் ஆரம்பித்து, 2021ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். உண்மைதான். ஆனால் அது மூன்று வருட உழைப்பு, அதுவும் ஒரு குடும்பமே சேர்ந்து உழைத்தது. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதன் பிறகும் வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 45 சதவீதம் யூடியூபுக்கு. சேனல் ஆரம்பிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை நம்பித் தவணை கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ஊரில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறான். ஒரு தை, ஒரு ஆடி இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். அண்ணி நகை இப்போதைக்குப் பீரோவில்தான் இருக்கிறது.