பேட்டரி மேல மட்டும் பழி போடாதீங்க!

சாவியைத் திருப்புறீங்க. 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வருது, செல்ஃப் எடுக்கல. உடனே வீட்டில் எல்லோரும் சொல்வது, "பேட்டரி போச்சு, மாத்திடு!" பல ஆயிரம் கொடுத்து மாத்துறீங்க. ஒரே வாரத்தில் புது பேட்டரியும் படுத்துடுது. ஏன்?

பேட்டரி ஒரு தண்ணித் தொட்டி மாதிரி. மோட்டார் ஓடலைன்னா புதுத் தொட்டியும் காலியாகத்தான் போகும். காரில் அந்த மோட்டார் வேலையைப் பார்ப்பது ஆல்டர்னேட்டர். மெக்கானிக் அண்ணன்கள் பலர் இதை 'டைனமோ' என்பார்கள். தப்பு எங்கே என்று பார்க்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். (ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் இதை முயல வேண்டாம்.)

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்க. சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கவே கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டாச்சா? துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போக வேண்டாம்.

முதல் சோதனை: சில மணி நேரம் ஓய்வில் இருந்த வண்டியில் பேட்டரியை அளங்க. 12.6 வோல்ட் என்றால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏத்திட்டு அப்புறம் சோதிங்க.

இரண்டாவது சோதனை: இன்ஜினை ஓட விட்டு அதே இடத்தில் அளங்க. பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். 12 சொச்சத்திலேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஆகலை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்க. புது மாடல் சிலவற்றில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏத்தி இறக்கும் என்பதால், சர்வீஸ் மேனுவலையும் பார்த்துக்கோங்க.

சார்ஜ் குறைவுன்னா ஆல்டர்னேட்டர்தான் காலியா? அவசரப்படாதீங்க. பெல்ட் தொளதொளன்னு இருக்கா, டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கா என்று இன்ஜினை நிறுத்திட்டுப் பாருங்க.

மூன்றாவது சோதனையில்தான் நம்ம ஓம் விதி வருது. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடிமனான பி பிளஸ் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ இணைப்பிலோ கோளாறு. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை.

ஓம் ரேஞ்சிலேயே வயரைச் சோதிக்கலாமேன்னு கேட்பீங்க. துருப்பிடித்த இணைப்பின் தடை வெறும் 0.02 ஓம் என்று வைங்க. சாதாரண மீட்டரால் அதை நம்பகமாக அளக்க முடியாது. ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அதுவே 1 வோல்ட்டை விழுங்கிடும்! ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.2தான் போய்ச் சேரும். 50 வாட் அந்த இணைப்பிலேயே சூடாக வீணாகும். சுத்தம் செய்து இறுக்கினாலே பல நேரம் சரியாகிடும். அந்த வேலைக்கு முன் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க.

இணைப்புகள் நல்லா இருந்தும் பி பிளஸ்ஸிலேயே வோல்டேஜ் குறைவா? இப்போ ஆல்டர்னேட்டரைக் கழட்டச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க: ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்ப்பது. அந்தப் பழைய வித்தையால் திடீரென எகிறும் வோல்டேஜ், இன்றைய கார்களின் இசியு-வையே காலி பண்ணிடும்.

மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போங்க. "எதையாவது மாத்திப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.