பத்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கே இறங்கும் விமானம்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் காலை 10 மணிக்கு ஒரு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் அது இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்திலும் மணி பத்துதான்! அதே விமானம் 11 மணிக்குத் திரும்பினால், லாகோஸைத் தொடும்போது மணி 1. போவதற்கு நேரமே ஆகவில்லை. வருவதற்கு மட்டும் இரண்டு மணி நேரமா? எதிர்க்காற்றின் வேலையும் இல்லை இது. எந்தப் பக்கம் பறந்தாலும் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் உள்ள இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணி போதுமே என்பீர்கள். கணக்கு சரி, ஆனால் விமானம் ஒத்துழைக்காது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், முழு வேகம் பிடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். சஹாராவின் தூசியை அள்ளிவரும் ஹார்மட்டான் காற்று வீசும் மாதங்களில் ஓடுபாதையே மங்கிப்போய், கிளம்பவே தாமதமாவதும் உண்டு.

சரி, கடிகாரப் புதிருக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். உலக நேரத்தின் தொடக்கக் கோடான 0 பாகைத் தீர்க்கரேகை, அக்ராவுக்குப் பக்கத்திலுள்ள டெமா துறைமுக நகரின் வழியே போகிறது. அக்ராவிலிருந்து லாகோஸ் கிழக்கே மூன்றரை பாகை தள்ளி இருக்கிறது. அதாவது, லாகோஸில் சூரியன் உச்சிக்கு வந்து 14 நிமிடம் கழித்து அக்ராவில் உச்சிக்கு வரும்.

பிறகு ஏன் கடிகாரத்தில் 60 நிமிட வித்தியாசம்? நைஜீரியா அகலமான நாடு. அதன் கிழக்குக் கோடி, சாட் ஏரிப் பக்கம், 14 பாகை வரை நீள்கிறது. 14-ஐ 4-ஆல் பெருக்குங்கள்: 56 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு மணி. நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால், கிழக்குக் கோடிக்குச் சரியாகப் பொருந்தும் கடிகாரத்தை மேற்குக் கோடியில் இருக்கும் லாகோஸும் கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மணி பன்னிரண்டைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் உண்மையான உச்சிவேளை!

இதே பயணத்தைச் சாலையில் போனால் டோகோ, பெனின் என்று நடுவில் இரண்டு நாடுகள், மூன்று எல்லைச் சாவடிகள். டோகோவில் கானா நேரம், பெனினில் நைஜீரியா நேரம். ஆகவே டிசம்பர் 31 இரவு பெனினில் புத்தாண்டைக் கொண்டாடிவிட்டு, எல்லையைத் தாண்டி டோகோவுக்குப் போனால் இன்னொரு முறை கொண்டாடலாம். எல்லையில் வரிசை ஒரு மணி நேரத்துக்குள் நகர வேண்டும், அவ்வளவுதான்!